மார்ச் வரை திறக்க வேண்டாம்

ஜனகராஜுக்கு எதையும் சீல் வைத்து மூடினால்தான் மனசு அடங்கும். கப்பலூரில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் பதினாறு வருஷம் தரச்சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவர். அங்கே ஒரு சாம்பிளை எடுத்துச் சீல் வைத்துவிட்டால், சோதனை நாள் வரைக்கும் முதலாளியே வந்தாலும் அதைத் தொடக் கூடாது. தொட்டால் அது சாம்பிள் இல்லை, வெறும் இரும்பு. இந்தப் பாடம் அவருக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது. கம்பெனியை மூடிய பிறகு துணைக்கரம் அறக்கட்டளைக்கு நிர்வாகியாக வந்தபோது அதையும் கூடவே கொண்டுவந்தார்.

துணைக்கரம் மதுரையில் அரசரடிப் பக்கம் ஒரு மாடிவீட்டில் இருந்தது. ஒரு வேன், ஒரு டாக்டர், மூன்று நர்ஸ்கள். தீராத நோயில் கிடப்பவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்ப்பார்கள். வலிக்கு மருந்து கொடுப்பார்கள், புண்ணைக் கழுவிக் கட்டுவார்கள், வீட்டுக்காரர்களுக்கு நாலு ஆறுதல் வார்த்தை சொல்லிவிட்டு வருவார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்ட பிறகு மனிதருக்குத் தேவைப்படுகிற வேலை அதுதான். ஆனால் இப்படி ஒரு வேலை நடக்கிறது என்பதே ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அதற்காகத்தான் அந்த நாள். அக்டோபர் மாதம் இரண்டாவது சனிக்கிழமை, இந்தப் பராமரிப்பைப் பற்றி உலகத்துக்கே எடுத்துச் சொல்வதற்கென்று வைத்திருக்கிறார்கள். உலகத்தில் எதற்குத்தான் ஒரு நாள் இல்லை? கை கழுவ ஒரு நாள் இருக்கிறது, தூங்க ஒரு நாள் இருக்கிறது. துணைக்கரத்தின் செயலாளர் சத்தியசீலன் ஐயா மிஷன் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மைக்கைக் கண்டால் விடமாட்டார். வருஷா வருஷம் ஊர்வலம், தொப்பி, பலூன், மேலூர் பஸ் ஸ்டாண்டிலும் பரவை மார்க்கெட்டிலும் மாட்டுத்தாவணியிலும் மேசை போட்டு நோட்டீஸ். 'இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று யாரும் சொல்லக் கூடாது' என்று பேனர். நல்ல வாசகம்தான், குறை சொல்ல முடியாது.

அந்த வருஷம் சென்னையிலிருந்து, இந்த வேலை செய்யும் அமைப்புகளின் கூட்டமைப்பு கடிதம் போட்டுக் கேட்டது: இத்தனை வருஷமாக நாள் கொண்டாடுகிறீர்களே, அதனால் விளைந்தது என்ன? அளந்து சொல்லுங்கள்.

நியாயமான கேள்வி. ஜனகராஜுக்குக் கரும்பு தின்றதுபோல் இருந்தது. வந்து மூன்று வருஷமாக அவர் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். போன வருஷமும் மேசையில் படிவம் வைத்திருந்தார்கள். நர்ஸ்கள் அன்று சாயங்காலமே படிவங்களைப் பங்கு போட்டுக்கொண்டு எல்லோருக்கும் போன் செய்துவிட்டார்கள். கடைசியில் மூன்று புது நோயாளிகள் வந்தார்கள். அவர்கள் அந்த நாளால் வந்தார்களா, நர்ஸ்கள் கூப்பிட்டதால் வந்தார்களா? யாருக்குத் தெரியும்? சாம்பிளைத் தொட்டுக் கெடுத்துவிட்டார்கள் என்று ஜனகராஜ் ஒரு வாரம் புலம்பினார்.

இந்த முறை விடவில்லை. படிவத்தை அவரே தயாரித்தார். பெயர், ஊர், போன் நம்பர், நிகழ்ச்சியைப் பற்றி எப்படித் தெரிந்தது என்று வரிசையாகக் கட்டங்கள், கடைசியில் பெரிதாக ஒரு கட்டம்: கருத்துகள். அன்று மூன்று மேசைகளிலும் சேர்ந்த இருநூற்றுப் பதினாறு படிவங்களையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, பழுப்பு டேப் சுற்றி, மேலே ஸ்கெட்ச் பேனாவால் எழுதினார்: 'மார்ச் வரை திறக்க வேண்டாம்.' ஐந்து மாதம் யாரும் அவர்களைக் கூப்பிடாமல் இருந்துவிட்டுப் பிறகு கேட்டால்தான், அந்த நாள் அவர்கள் மனசில் என்ன செய்தது என்று சுத்தமாகத் தெரியும் என்பது அவர் கணக்கு.

மூத்த நர்ஸ் ஆனிமேரி மட்டும் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அதுல யாராச்சும் உதவி கேட்டு எழுதியிருந்தா?"

"உதவி வேணும்னா நோட்டீஸ்ல நம்பர் இருக்குல்ல சிஸ்டர்? கூப்புடுவாக. இது கருத்துப் படிவம்."

"ஒரு தடவ பொரட்டிப் பாத்துட்டு ஒட்டுங்களேன்."

"பாத்தா தொட்டதா ஆயிரும்."

ஆனிமேரிக்கு அன்று பரவையில் இரண்டு வீடு பாக்கி இருந்தது. தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டாள். பெட்டி பீரோ மேல் ஏறியது. அதற்குப் பிறகு தீபாவளி வந்தது, கிறிஸ்துமஸ் வந்தது, பொங்கல் வந்தது. வெள்ளையடித்தபோது ஒரு தடவை அதைக் கீழே இறக்கித் தூசி தட்டி மறுபடி மேலே வைத்தார்கள்.

மார்ச் மாதம் முதல் திங்கட்கிழமை ஜனகராஜ் பெட்டியைத் திறந்தார். முதலில் போன் நம்பர் எழுதாத படிவங்களைத் தனியே எடுத்தார். நாற்பத்தைந்து இருந்தன. நம்பர் இல்லாதவர்களைக் கூப்பிட்டுக் கேட்க முடியாது, ஆகவே அவை செல்லாது. பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் கணக்குப் போட்டுப் பார்க்க உதவும் என்று மேசை ஓரத்தில் அடுக்கிவைத்தார். எதையும் வீணாக்காத மனிதர்.

பதினோரு மணி வாக்கில் சதவீதம் போட்டுப் பார்ப்பதற்காக அந்த அடுக்கிலிருந்து ஒரு தாளை உருவினார். திருப்பும்போது கருத்துக் கட்டம் கண்ணில் பட்டது. கட்டத்துக்கு உள்ளே இடம் போதாமல் ஓரத்தில் ஏறிப் போயிருந்த எழுத்து.

'என் வீட்டுக்காரருக்கு முதுகு எலும்பில் கேன்சர். வலி தாங்க முடியவில்லை. படுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தயவு செய்து வீட்டுக்கு வரவும். மதியத்துக்கு மேல் நான் வீட்டில் இருப்பேன். சோணையம்மாள், க/பெ மருது, ஒத்தப்பனைப்பட்டி, மேலூர்.'

ஜனகராஜ் அதை மூன்று தடவை படித்தார். கையில் பேனா இருந்தது. அந்தத் தாளில் கணக்கு எழுதப் பார்த்தோமே என்று நினைத்ததும் பேனாவை மூடி வைத்தார். அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்று விரல் விட்டு எண்ணினார்; இருபத்தோரு வாரத்துக்கு மேல் வந்தது. எழுந்து போய், கட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்த ஆனிமேரியிடம் தாளை நீட்டினார்.

அவள் படித்துவிட்டு அவரைப் பார்க்கவில்லை. நேரே உள்ளே போய் டாக்டர் ஸ்ரீலட்சுமியிடம், "டாக்டர், மேலூர்ப் பக்கம் ஒரு வீடு. இப்பவே கெளம்பணும்" என்றாள்.

ஜனகராஜும் வேனில் ஏறிக்கொண்டார். ஆள் உயிரோடு இருக்க வேண்டுமே என்று ஜனகராஜ் மனசுக்குள் மீனாட்சியிலிருந்து அழகர் வரைக்கும் எல்லோரையும் கூப்பிட்டார். மேலூர் தாண்டியதும் எதிரே கருங்கல் பாளங்களை ஏற்றிய லாரிகள் வந்தன. ஒத்தப்பனைப்பட்டி விலக்கில் ஒரு பெட்டிக்கடையில் வண்டியை நிறுத்தி வழி கேட்டார்கள்.

"சோணையம்மாளா? வீட்டுலதான் இருக்கும், போங்க" என்றார் கடைக்காரர். "மதியம் ஆனா அது எங்கிட்டும் போகாது. களையெடுக்கப் போனாலும் அரை நாளுதான். யாரோ மதுரையில இருந்து ஆஸ்பத்திரிக்காரக வருவாகன்னு வாசல்லயே உக்காந்திருக்கும். ஆமா, நீங்கதானா அது?"

டிரைவர் வண்டியை எடுத்தார்.

ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை வீடு. வாசலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி, அதன் மேல் துவைத்து மடித்த துண்டு. வேனில் எழுதியிருந்த பெயரைப் பார்த்ததும் எழுந்தாள். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

"வந்துட்டீகளா?" என்றாள். அவ்வளவுதான். நேற்றுச் சொல்லிவிட்டு இன்று வந்தவர்களைக் கேட்பதுபோலக் கேட்டாள். ஏன் இத்தனை நாள் என்று அவள் சட்டையைப் பிடித்திருந்தால் ஜனகராஜுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

உள்ளே மருது இரண்டு அரிசி மூட்டைகளின் மேல் முன்பக்கமாகச் சாய்ந்து, நெற்றியை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். குவாரியில் கல் உடைத்த உடம்பு; தோள் எலும்பின் அகலம் மட்டும்தான் மிச்சம் இருந்தது. டாக்டர் தரையில் அவர் முகத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டார்.

"அண்ணே, வலி எம்புட்டு இருக்கு? ஒரு ரூவாய்க்கு எத்தன காசு?"

மருது தலையைத் தூக்காமல், "ஒரு ரூவா முழுக்க இருக்கு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அதுக்கு மேலயும் இருக்கு தாயி" என்றார்.

டாக்டர் ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் பார்த்தார், விரல் நுனியால் முதுகைத் தொட்டுப் பார்த்தார், வலியை அடக்கும் மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நாலு மணி நேரத்துக்கு ஒன்று, வலி வரட்டும் என்று காத்திருக்காமல் நேரத்துக்குப் போட வேண்டும், வயிறு கட்டிக்கொள்ளும், அதற்கு இந்த மருந்து என்று ஆனிமேரி நிதானமாகச் சொல்ல, சோணையம்மாள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். முதல் மாத்திரையை அங்கேயே கொடுத்தார்கள். ஜனகராஜ் வாசற்படியில் நின்றார். அவருக்கு அங்கே எந்த வேலையும் இல்லை.

கிளம்பும்போது சோணையம்மாள் அவரிடம் வந்தாள். சட்டையை உள்ளே விட்டுச் செருகியிருந்ததால் அவர்தான் பெரிய ஆபீசர் என்று நினைத்திருக்க வேண்டும்.

"சார், நான் எழுதுனது சரியில்ல போல. எந்தக் கட்டத்துல எழுதணும்னு வெளங்கல. நான் அஞ்சாப்புதான். மேசையில நின்ன காலேசுப் புள்ளகிட்ட கேக்கவும் கூச்சமா இருந்துச்சு. அதான் லேட்டாகுதுன்னு இவரு என்னைய வைவாரு."

"போன் பண்ணியிருக்கலாமேம்மா. நோட்டீஸ்ல நம்பர் இருந்துச்சே" என்றார் ஜனகராஜ். சொல்லி முடிப்பதற்குள்ளேயே தன் வாயில் தானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"இருந்துச்சு சார். சாமி படத்துக்குப் பின்னாடி பத்திரமா வச்சிருக்கேன். ஆனா மனு குடுத்துட்டு நாமளே போயி நச்சரிச்சா ஆபீசுல கோவிச்சுக்கிருவாகள்ல? அந்தப் புள்ளயும், எழுதிட்டீகள்ல, வந்துருவாகன்னுச்சு."

மனு. கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை வரிசையில் நின்று மனுக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து காத்திருப்பார்களே, அப்படித்தான் அவள் காத்திருந்தாள். அவர் கருத்து கேட்டார், அவள் மனுக் கொடுத்தாள். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும், தப்பு உன்னுடையது இல்லை என்று.

"கொஞ்சம் லேட்டாயிருச்சும்மா" என்றார்.

வேன் மேலூரைத் தொடும் வரைக்கும் ஆனிமேரி பொறுத்தாள்.

"கொஞ்சமாண்ணே?"

ஜனகராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீங்க ஒண்ணும் மோசமான ஆளு இல்ல. நானும் அன்னிக்குப் பேசாமத்தான் போனேன். ஆனா அந்தம்மா நெஞ்சுல கெடக்குறத எடுத்துப் போட ஒங்களால மட்டுந்தான் முடியும். அதுக்கு மாத்திர கெடையாது."

அன்று சாயங்காலமும் மறுநாளும் இருவரும் உட்கார்ந்து இருநூற்றுப் பதினாறு படிவங்களையும் படித்தார்கள். 'நிகழ்ச்சி சிறப்பாக இருந்தது', 'மைக் சத்தம் அதிகம்', 'வாழ்க' என்பவற்றுக்கு நடுவே வீட்டுக்கு வரச் சொல்லிக் கேட்டவை பதினொன்று. போன் இருந்தவர்களை ஜனகராஜ் கூப்பிட்டார். 'அவரு போயி ரெண்டு மாசமாச்சு சார்' என்றது ஒரு குரல். இன்னொரு வீட்டில் எடுத்த பெண், யார் என்று தெரிந்ததும் போனை வைத்துவிட்டாள். போன் இல்லாதவர்களை ஆனிமேரி ஊர்க்காரர்கள் மூலமாக விசாரித்தாள். பதினோரு பேரில் நாலு பேர் இல்லை. மற்ற ஏழு பேரையும் அன்றிலிருந்தே பார்க்க ஆரம்பித்தார்கள்.

வீட்டில் ஜனகராஜின் மனைவி சூடாமணி, சோறு அப்படியே இருப்பதைப் பார்த்து, தங்கள் வீட்டுச் சௌராஷ்டிர மொழியில் உடம்புக்கு என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். எந்தப் பாஷையில் சொல்லியிருந்தாலும் அது பொய்தான்.

வியாழக்கிழமை மறுபடி ஒத்தப்பனைப்பட்டிக்குப் போனார்கள். டாக்டர் வரவில்லை, ஆனிமேரியும் ஜனகராஜும் மட்டும். வாசலில் சோணையம்மாள் இல்லை. எட்டிப் பார்த்தால், பாயில் மருது மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். லேசாக வாய் திறந்திருந்தது. சோணையம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து ஈ விரட்டிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்து, எழுந்து வெளியே வந்தாள்.

"நேத்துத்தான் மல்லாந்து படுத்தாரு சிஸ்டர். வலி எம்புட்டுன்னு டாக்டரம்மா கேட்டாப்புல கேட்டேன். கால் ரூவாதான்னாரு. கஞ்சி கேட்டு வாங்கிக் குடிச்சாரு." சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு ஜனகராஜைப் பார்த்தாள். "சார், இந்த மாத்திர இப்பத்தான் புதுசா வந்துருக்காக்கும்? அதான் இம்புட்டு நாளா வரல, அப்படித்தான?"

ஆனிமேரி பையைத் திறக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

ஆமாம் என்றால் போதும். ஒரே ஒரு தலையாட்டல். சோணையம்மாள் தானாகவே வழி செய்து கொடுத்துவிட்டாள். அதில் அவருக்கும் நிம்மதி, அவளுக்கும் ஒருவகை நிம்மதி. ஜனகராஜ் அந்த வழியை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றார், அதையும் மறைக்க வேண்டியதில்லை.

"இல்லம்மா" என்றார். "இந்த மாத்திர அப்பவே இருந்துச்சு. நீங்க எழுதிக் குடுத்த அன்னிக்கே எங்க ஆபீசுல இருந்துச்சு. நீங்க சரியாத்தான் எழுதியிருந்தீங்க. கட்டமும் சரி, எழுத்தும் சரி, அட்ரஸும் சரி. நாந்தான் படிக்கல. எல்லாத்தையும் ஒரு பெட்டியில போட்டு ஒட்டி, மார்ச் வரைக்கும் யாரும் தொறக்கக் கூடாதுன்னு எழுதி வச்சேன்."

"எதுக்கு?"

"அந்த நாளுனால என்ன பலன்னு அளந்து பாக்குறதுக்கு."

சோணையம்மாள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் சொன்னது அவளுக்கு விளங்கவில்லை என்று சொல்ல முடியாது. நன்றாகவே விளங்கியது.

"பல்லக் கடிச்சுக் கடிச்சு அவருக்கு ரெண்டு பல்லு ஒடஞ்சுபோச்சு சார்" என்றாள் கடைசியில். "தை மாசம் ஒரு நாளு, என்னையக் கொன்னு போட்டுரு சோணைன்னு கையப் பிடிச்சாரு. நான் அரளி வெத தேடித் தோப்புவர போயிட்டுத் திரும்பி வந்தேன். மதியம் ஆயிருச்சே, நீங்க வந்தா வீட்டுல ஆளு இருக்கணுமேன்னு."

ஜனகராஜ் கை கூப்பினார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"கும்புடாதீங்க" என்றாள் அவள் கடுமையாக. பிறகு அந்தச் சிவப்பு நாற்காலியை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "உக்காருங்க. அவரு எந்திரிக்கட்டும். என்கிட்டச் சொன்னத அவருகிட்டயும் சொல்லிட்டுப் போங்க. நாஞ்சொன்னா நம்ப மாட்டாரு. நீ எழுதுன லட்சணந்தான்னு அஞ்சு மாசமா வஞ்சுக்கிட்டே கெடந்தவரு."

ஆனிமேரிக்கு மேலூரில் பார்க்க வேண்டிய வீடு இன்னொன்று இருந்தது. "நீங்க இருங்கண்ணே. நான் போயிட்டு வாரேன்" என்று வேனில் ஏறிப் போய்விட்டாள்.

ஜனகராஜ் நாற்காலியில் உட்கார்ந்தார். மணி இரண்டு. வெயில் வாசலில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. தூரத்தில் ஒரு லாரி வரும் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்க்கத் தோன்றியது. அது திரும்பாமல் நேரே போய்விடும். இந்த இடத்தில் உட்கார்ந்தால் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் நிமிரத்தான் தோன்றும் என்று அரை மணி நேரத்திலேயே அவருக்குப் புரிந்துபோயிற்று. அவள் நூற்றைம்பது மதியம் உட்கார்ந்திருந்தாள்.

மூன்று மணிக்குச் சத்தியசீலன் ஐயா போன் செய்தார்.

"ஜனகராஜ், பதினோரு பேருன்னு ஆனிமேரி சொல்லுச்சே! போன வருசம் மூணுதான? நல்ல பலன்லய்யா. ரிப்போர்ட்ல அத முன்னாடி போடுங்க. அந்த மேலூர் அம்மா ஒரு போட்டோவுக்கு நிப்பாகளா?"

"ஐயா, அந்த நாளுக்கு நல்ல பலன்தான். பதினோரு பேரு நம்மளத் தேடி வந்தாக. நாமதான் போகல. நாலு பேரு செத்துட்டாக. ரிப்போர்ட்ல அதத்தான் முன்னாடி எழுதப் போறேன். பெட்டிய ஒட்டுனது யாருன்னும் எழுதுவேன்."

ஐயா மைக்குக்கு ஆசைப்பட்டவரே தவிர, ஈரமில்லாத மனிதர் இல்லை. "எழுதுங்க" என்றார். "சேத்து என் பேரையும் எழுதுங்க. பெட்டி என் ரூம் பீரோ மேலதான இருந்துச்சு."

நாலு மணிக்கு உள்ளே இருமல் கேட்டது. சோணையம்மாள் மாத்திரையையும் தண்ணீரையும் கொடுத்து, மருதுவைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்துவிட்டு ஜனகராஜைக் கூப்பிட்டாள். நாற்காலியை உள்ளே கொண்டுபோகாமல் அவர் தரையில் உட்கார்ந்தார்.

"இந்தாங்க, மதுர ஆபீசுல இருந்து சாரு வந்திருக்காரு. ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

ஜனகராஜ் சொன்னார். வாசலில் சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் மருதுவின் கண்கள் இப்போது தெளிந்திருந்தன. ஒன்றையும் குறைக்காமல், முதலிலிருந்து சொன்னார். சட்டைப் பையிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்து நீட்டினார். மருது அதைக் கையில் வாங்கி, கட்டத்தை விட்டு ஓரத்தில் ஏறிப்போன எழுத்தை விரலால் தொட்டுக்கொண்டு மெல்லப் படித்தார். படித்து முடிக்க நேரம் ஆனது.

"பேரு, ஊரு எல்லாம் சரியாத்தான எழுதியிருக்க?" என்றார் மனைவியைப் பார்த்து.

"ஆமா."

"நான் ஒன்னைய என்னென்ன பேசிட்டேன்."

சோணையம்மாள் அவர் காலடியில் உட்கார்ந்து, போர்வையை இழுத்துவிட்டாள். இழுத்துவிட்ட கை அப்படியே அங்கேயே இருந்தது. ஜனகராஜ் கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

"இதே மாதிரி இன்னும் எத்தன பேரு அந்தப் பெட்டியில?" என்று மருது கேட்டார்.

"பதினோரு பேரு. உங்களையும் சேத்து."

"எல்லாரும் இருக்காகளா?"

"நாலு பேரு இல்லண்ணே."

மருது கண்ணை மூடினார். வலி வந்துவிட்டதோ என்று சோணையம்மாள் பதறி எழப் பார்த்தாள். அவர் கையால் வேண்டாம் என்றார்.

"அந்த நாலு வீட்டுக்கும் போயி இதச் சொல்லிருங்க சார்" என்றார். "அங்கயும் எழுதிக் குடுத்த பொம்பளைக யாராச்சும் இருப்பாக. நாமதான் சரியா எழுதலன்னு நெனச்சுக்கிட்டுக் கெடப்பாக. செத்தவுகளுக்கு இனிமே ஒண்ணும் இல்ல. அவுகளுக்காச்சும் தெரியட்டும்."

"போறேண்ணே."

"மதியத்துக்கு மேல போங்க" என்றாள் சோணையம்மாள். "அப்பத்தான் வீட்டுல ஆளு இருக்கும்."

வேன் திரும்பி வந்தபோது ஐந்து மணி ஆகியிருந்தது. ஜனகராஜ் முன் சீட்டில் ஏறி, கொண்டுவந்திருந்த கவரிலிருந்து அந்த நாலு வீட்டுப் படிவங்களையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மேலாக இருந்தது பரவையிலிருந்து பாண்டிமீனா என்ற பெண் தன் அப்பாவுக்காக எழுதியது. அவர் டிசம்பர் ஒன்பதாம் தேதி இறந்துபோனார். கருத்துக் கட்டத்தில் அவள், வண்டி தெருவுக்குள் நுழையாது, மார்க்கெட் வாசலுக்கு வந்தால் தானே வந்து கூட்டிப் போவதாக எழுதியிருந்தாள்.

"சிஸ்டர், நாளைக்கு மதியம் பரவைக்கு வண்டி வேணும்" என்றார் ஜனகராஜ். "மார்க்கெட் வாசல்ல நிறுத்துனா போதும். அங்கிட்டிருந்து நான் நடந்து போயிக்கிறேன்."